திறப்பு விட்டால் பாலம் பலமாகுமா?

ஒரு கல் பாலத்தில் வேண்டுமென்றே திறப்புகள் விட்டுக் கட்டினால் அது பலவீனமாகுமா, பலமாகுமா? சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் இருக்கிற ஜாவ்ஜோ பாலம் இதற்கு விடை சொல்கிறது. சுய் மன்னர்கள் காலத்தில், கி.பி. 605 வாக்கில், லீ சுன் என்ற கட்டடக் கலைஞர் அதைக் கட்டினார். ஆற்றைத் தாண்டும் பெரிய வளைவின் இரண்டு தோள்களிலும் சின்னச் சின்ன வளைவுகளைத் திறந்தே விட்டார்.

கல்லைக் குறைத்தால் உறுதியும் குறையாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பாரத்தைத் தாங்கிக் கரைக்குக் கொண்டு சேர்ப்பது அடியில் இருக்கும் பெரிய வளைவு. அதன் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நெருக்கினால் கல் தாங்கும். இழுத்தால்தான் விரிசல் விடும். தோளில் நிரப்பும் கல்லோ வளைவுக்குப் பெரும்பாலும் சுமைதான். அதைக் குறைத்ததால் வளைவுக்கும் அடித்தளத்துக்கும் பாரம் குறைந்தது. வெள்ளம் வந்தால் தண்ணீர் கடந்துபோக வழியும் கிடைத்தது. பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று அறிந்து, தேவையான இடத்தில் பொருளை வைப்பதே பாலம் கட்டும் கலையின் அடிப்படை. இடையிடையே பழுதுபார்த்திருந்தாலும், 1,400 ஆண்டுகளாக அந்தப் பெரிய வளைவு நிற்பதே இதற்குச் சாட்சி.