பதினொன்றில் ஒருவர்

“பார்டர்ல இருக்கு, பார்த்து இருந்துக்குங்க.” ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்த எத்தனையோ பேர் கேட்ட வார்த்தை இது. வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குமட்டக் குமட்டக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து மறுபடியும் ரத்தம் கொடுத்திருப்பார்கள். அந்த இரண்டாவது ரத்தத்தில் சர்க்கரை 140க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 200ஐத் தொட்டால் நீரிழிவு. நடுவில் நிற்பவர்தான் பார்டர்காரர். அவருக்கு வலி கிடையாது, தாகம் கிடையாது, பெரும்பாலும் மாத்திரையும் கிடையாது. சீட்டு பீரோவுக்குள் போய்விடும், நாள் ஓடிவிடும். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் நீரிழிவு வந்துவிட்டவர்கள் 10.1 கோடி, எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் 13.6 கோடி.

அவர்கள் உடலுக்குள் என்னதான் நடக்கிறது? சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் இறங்கியதும், அதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியது தசை. தசைச் செல்லுக்குள் குளுட்-4 என்றொரு புரதம் ஒதுங்கிக் கிடக்கிறது. இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். எல்லைக்கோட்டில் இருப்பவரிடமும் இன்சுலின் தட்டத்தான் செய்கிறது, தசைக்குத்தான் காது மந்தமாகிவிட்டது. கணையம் மேலும் மேலும் சுரந்து சமாளிக்கப் பார்க்கிறது. ஒருநாள் அதுவும் ஓய்ந்துபோகிறது.

ஆனால் அந்தக் கதவுக்கு இன்னொரு வழி உண்டு. தசை சுருங்கி விரிந்து வேலை செய்தால், இன்சுலின் தட்டாமலேயே குளுட்-4 மேலே வந்துவிடுகிறது. இரவு சாப்பிட்டுவிட்டுத் தெருமுனை வரை நடந்துவிட்டு வரும்போது கெண்டைக்காலும் தொடையும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்கின்றன. இதை முதன்முதலில் படித்த நாளிலிருந்து, சாப்பாட்டுக்குப் பின் நடப்பதை என்னால் வெறும் பழக்கமாகப் பார்க்க முடியவில்லை.

சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் விடாமல் நினைவூட்டி, குழுவினர் உடன் நின்று உதவியவர்களிடம் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் உடல் எடை குறையவில்லை. எடைமெஷினில் முள் நகராததைப் பார்த்து மனம் விட்டுப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அப்படி உடன் நிற்க ஆள் வேண்டும். பல கோடிப் பேருக்கு ஆள் எங்கே போவது? ஆனால் பலர் சட்டைப்பையிலும் ஒரு போன் வந்துவிட்ட காலம் அது. ராமச்சந்திரன் குழுவினர் லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து 2009இல் அடுத்த சோதனையைத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகும் 35 முதல் 55 வயது வரையிலான ஆண்களில் 8,741 பேரைப் பரிசோதித்து, எல்லைக்கோட்டில் நின்ற 537 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரே அறிவுரை. பிறகு சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் செய்திகள் கண்மூடித்தனமாக அனுப்பப்பட்டவை அல்ல. சிகரெட்டை விட முயன்றவர்களை ஆராய்ந்து அமெரிக்க உளவியலாளர்கள் புரோச்சஸ்காவும் டிக்ளமெண்டேயும் கண்ட ஒரு விஷயம் அதற்கு அடிப்படை: மனிதர் படிப்படியாகத்தான் மாறுகிறார். மாறும் எண்ணமே இல்லாதவரிடம் “தினமும் அரைமணி நட” என்றால் எரிச்சல்தான் வரும். அவருக்கு, ஏன் நடக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். நடக்கத் தொடங்கிவிட்டவருக்கு, மழை நாளில் எங்கே நடப்பது என்று சொல்ல வேண்டும். செய்தி எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதையும் பெறுபவர் விருப்பத்துக்கு விட்டார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. வடை கூடாது என்பது யாருக்குத் தெரியாது? நான்கு மணி டீ இடைவேளையில், எண்ணெய் மினுங்கும் வடையைக் காகிதத்தில் வைத்து அழுத்துகிற அந்த நொடியில் அது நினைவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. டாக்டரால் அந்த நொடியில் அங்கே இருக்க முடியாது.

இரண்டு ஆண்டு முடிவில், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்திருந்தது, பெற்றவர்களில் 18 சதவீதம். வேறு விதமாகச் சொன்னால், பதினொரு பேருக்குச் செய்தி அனுப்பினால் அவர்களில் ஒருவர் அந்த இரண்டு ஆண்டுகளில் நோயிலிருந்து தப்பினார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, சில பைசா செலவில் சில வரிகள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக 2,062 பேரிடம் இதே முறையைச் சோதித்து 2020இல் வெளியிட்டபோது, இரு பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. அவர்களை மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி அளவை வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் குறுஞ்செய்திச் சோதனையிலோ குளுக்கோஸ் குடிக்க வைத்து. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையில்தான் நடைக்கும் அளவான உணவுக்கும் கை ஓங்கும் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே. யாருக்கு எந்தச் செய்தி பலிக்கும் என்று தேட வேண்டிய வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

முதல் சோதனையின் அந்த 537 பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பதும் என் மனதை விட்டுப் போகவில்லை. இன்றைய போன்களுக்குள் மிகச் சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று நுண்ணிய கம்பிச்சுருளில் ஆடுவதுபோல் ஆடி, நாம் வைக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ணுகிறது. ஆனால் அடுப்படிக்கும் கொல்லைக்கும் மொட்டைமாடிக்குமாக நாள் முழுக்க நடக்கிற பெண்ணின் போன், பிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடக்கிறது. வீட்டுக்கு ஒரே போன் என்றால், அவளுக்கு வர வேண்டிய செய்தி அந்நேரம் கணவரோடு தொழிற்சாலைக்குப் போயிருக்கும்.