நாடி தளர்ந்தால் நம்பிக்கை தளர வேண்டா

முதியவர் ஒருவர் திடீரென மயங்கி விழுகிறார். முகத்தில் நீர் தெளித்ததும் எழுந்து அமர்கிறார். “வெறும் பித்த மயக்கம்” என்று வீட்டாரும் வாளாவிருந்து விடுகின்றனர். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் இல்லங்களில் இதனைப் பன்முறை கேட்டிருக்கிறேன். அன்பர்களே, அம்மயக்கம் இதயம் விடுக்கும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

இதயத்தின் மேல்வலப்புற அறையிலுள்ள சிறு திசுவே மின்துடிப்பை எழுப்புகிறது. ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. அம்மின்விசை கீழறைகளை எட்டாது தடைப்படின் நாடி 40க்கும் கீழே தாழக்கூடும். மூளைக்குச் செல்லும் குருதி குறைய, நினைவு தப்பும். இதனை வலிப்பு நோயெனத் தவறாகக் கருதுவதும் உண்டு.

சுவீடன் நாட்டு ஆர்னே லார்சன் இத்துன்பத்திற்கு ஆளானவர். நாளொன்றுக்கு 20, 30 முறை நினைவிழந்தார். அவர்தம் மனைவி, மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் அணுகி, துடிப்பூட்டும் கருவியைக் கணவரின் உடலினுள்ளேயே பொருத்துமாறு மன்றாடினார். அத்தகைய கருவி அன்று எவரிடமும் இல்லை. ஆயினும் அம்மாது விட்டாரல்லர். காலணி மெருகுப் பசை டப்பாவை அச்சாகக் கொண்டு கருவி வார்க்கப்பட்டது. 1958 அக்டோபர் 8இல், ஸ்டாக்ஹோமில், உலகிலேயே முதன்முறையாக அது மனித உடலினுள் பொருத்தப்பட்டது. சில மணி நேரத்தில் அது பழுதுற, மற்றொன்று வைக்கப்பட்டது. வாழ்நாளில் 26 கருவிகளை ஏற்ற லார்சன், தமக்கு உயிரளித்த அவ்விருவருக்கும் பின்னரும் வாழ்ந்து, 2001இல் தம் 86ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார்.

இன்றைய பேஸ்மேக்கர் காறை எலும்பின் கீழே, தோலுக்கடியில் அடங்கிவிடும் சிறு கருவி. பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தே பொருத்துவர். மின்கலம் ஏறக்குறைய பத்தாண்டு உழைக்கும். கைப்பேசியைச் சட்டையின் அப்பக்கப் பையில் வைத்தலாகாது. கருவிக்குரிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

“இந்த வயதில் இயந்திரமா? அது உயிரைப் போகவிடாது பிடித்து வைக்குமே!” என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. கருவி துடிப்பைத் தூண்டுமேயன்றி, இறுதி வேளையைத் தடுக்காது.

துடிப்புக் கோளாறு அனைத்திற்கும் கருவி தேவையில்லை. சிலவற்றை மருந்தே சீராக்கும். குருதி உறையாதிருக்க மருந்து தரப்பட்டிருப்பின் தாமாக நிறுத்துதல் பெருந்தீங்கு. மூளையைத் தாக்கும் பக்கவாதத்திற்கு அது வழிவகுக்கும்.

ஆகவே, இல்லத்தில் எவரேனும் மயங்கி விழுந்தால் மணிக்கட்டில் விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். அவ்வெண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு அன்றே மருத்துவரை நாடுங்கள். ஒரு மனைவியின் விடாமுயற்சி கணவருக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளை ஈட்டித் தந்ததன்றோ?