குளிர் அணுச்சேர்க்கையும் நம் ஊகமும்

போடியிலிருந்து குமுளிக்குக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பள்ளி நாளில் ஒருமுறை, உப்பு நீரில் பென்சில் கரிகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினேன். எழுந்த குமிழிகள் ஹைட்ரஜனும் பிராணவாயுவுமே என்று நம்பினேன். குனிந்து பார்த்த தம்பி இருமித் திணறினான். வந்தது குளோரின்! நீரை நினைத்தேன், உப்பை மறந்தேன்.

1989 மார்ச் 23-இல் அமெரிக்க யூட்டா பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், பான்ஸ் என்னும் ரசாயன அறிஞர்கள், கனநீரில் பல்லேடியத் தகட்டின் வழியே மின்சாரம் செலுத்தி, அணுச்சேர்க்கையால் மிகைவெப்பம் பெற்றதாக அறிவித்தனர். நம் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் அவ்வாண்டே நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாகக் கூறினர். வேறு பல ஆய்வுக்கூடங்களிலோ அது மீண்டும் வரவில்லை.

கனநீரின் டியூட்டிரிய அணுக்கருக்கள் வழக்கம்போல் சேர்ந்து ஒரு வாட் வெப்பம் தந்தால், நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் பாயவேண்டும். அருகில் நிற்பவர் பிழைப்பதரிது. அவ்வறிஞர்களோ நலமாகவே இருந்தனர்! வெப்பம் மிகுந்தால் அதற்குக் காரணம் அணுவே என்பது ஊகம்.

கதிரில்லை என்பதால் ஆபத்தில்லை என்பதும் ஊகமே. 1992 ஜனவரி 2-இல் கலிபோர்னிய ஆய்வுக்கூடமொன்றில் இத்தகைய கலம் வெடித்து ஆய்வாளர் ஒருவர் மாண்டார். மின்சாரம் பிரித்த வாயுக்கள் மூடிய கலத்தில் தங்கினால் ஒரு பொறி போதும்.

நண்பர்களே, விடுதி அறையில் இதைச் செய்து பார்க்க எண்ணாதீர்கள். ஆய்வுக்கூடத்திலும், 'வேறென்ன வரக்கூடும்?' என்று கேட்ட பின்பே மின்விசையைத் தொடுங்கள்.