கொல்லை வழியாக வந்த கடலை

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இப்போது ஒரு புதுக் குழப்பம். பேரனுக்கு ஆறு மாதம் முடியட்டும், பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்து முதல் சோறு ஊட்டலாம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். அங்குள்ள குழந்தை மருத்துவரோ, முகமெல்லாம் கரப்பான் வந்த நாலரை மாதக் குழந்தைக்கு வேர்க்கடலை விழுது கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் மூத்த பேத்தி பிறந்தபோது, அலர்ஜி உள்ள குடும்பம் என்றால் மூன்று வயது வரை கடலைப் பக்கமே போகாதீர்கள் என்று சொன்னதும் அதே நாடுதான்.

2025 அக்டோபரில் வந்த ஒரு செய்தி இந்தக் குழப்பத்தைப் பெரிதாக்கியது. பிலடெல்பியா ஆய்வாளர்கள் அமெரிக்கக் குழந்தைகளின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் கடலை அலர்ஜி 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பதாக அறிவித்தார்கள். உடனே அலர்ஜியை ஒழித்துவிட்டது போலத் தலைப்புகள். கொஞ்சம் பொறுங்கள். நூற்றுக்கு ஒன்றைக் கூடத் தொடாத எண்ணிக்கை அரைக்குக் கீழே போயிருக்கிறது. பதிவேட்டில் மருத்துவர் எழுதியதை எண்ணினார்களே தவிர, எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்குக் கடலை ஊட்டினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. நல்ல செய்திதான். வெற்றி விழா கொண்டாடும் அளவுக்கு இல்லை.

வரலாறு வேண்டுமென்றால் ஒரு பத்தி. மேற்கு நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வயது வரை பெரும்பாலும் பால்தான். 1950-களில் மயாமியில் வால்டர் சாக்கெட் என்ற மருத்துவர், பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே தானியக் கூழ், ஒன்பதாவது வாரத்தில் பன்றி இறைச்சியும் முட்டையும், ஆறாவது மாதத்தில் கறுப்புக் காபி என்று ஓர் அட்டவணையே போட்டார். பிறகு நாலு மாதம் என்றார்கள். 2001-ல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்றது. கடலைக்கு மட்டும் தனிச் சட்டம்: அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கூடாது என்று 1998-ல் பிரிட்டனும், 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்லின. கண்ணில் படாதது உடம்பைக் கெடுக்காது என்ற பொதுப்புத்திதான் அதற்கு முக்கிய ஆதாரம். அமெரிக்கக் குழந்தைகளிடம் 1997-ல் 0.4 சதவீதமாக இருந்த கடலை அலர்ஜி 2008-ல் 1.4 சதவீதம் ஆனது. அதே 2008-ல் அமெரிக்கச் சங்கம் சத்தமில்லாமல் அறிவுரையைத் திரும்பப் பெற்றது. பத்தி முடிந்தது.

லண்டனைச் சேர்ந்த அலர்ஜி மருத்துவர் கிடியன் லாக் ஒருமுறை டெல் அவிவ் நகரில் உரையாற்றினார். சமீபத்தில் கடலை அலர்ஜி நோயாளியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று அங்கிருந்த மருத்துவர்களைக் கேட்டார். பிரிட்டனில் கேட்டிருந்தால் அவையே கை தூக்கியிருக்கும். இங்கே இரண்டு மூன்று கைகள்தான் எழுந்தன. காரணம் தேடியபோது அகப்பட்டது ‘பம்பா’: வாயில் போட்டதும் கரையும், பாதிக்குப் பாதி கடலை சேர்ந்த ஒரு பொரி. இஸ்ரேலில் பல் முளைக்கும் குழந்தை கையில் அதைத்தான் கொடுக்கிறார்கள். இரு நாடுகளிலும் யூதப் பள்ளிக் குழந்தைகளை மட்டும் ஒப்பிட்டு 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடலை அலர்ஜி பிரிட்டனில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஒரே கடலைப் புரதம் உடம்புக்குள் முதலில் எந்த வழியாக வந்தது என்பதை வைத்து, அது உறவா பகையா என்று நோயெதிர்ப்பு மண்டலம் முடிவு கட்டுகிறது. கிராமத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் வழியாக வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் விருந்தாளி. அதே ஆள் நடுராத்திரியில் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தால் திருடன். கையில் பலகாரப் பொட்டலமே இருந்தாலும் நாய் விடாது.

குடல்தான் வாசல். அதன் உட்சுவரில் டென்ட்ரிடிக் செல்கள் என்றொரு வகை உண்டு. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவரையெல்லாம் ஊர், பேர் விசாரிக்கும் பெரியவர் இவர். செரிமானத்தில் சிதையாமல் தப்பி வரும் கடலைப் புரதத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு, குடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுக்குப் போவார். இன்னும் வேலை ஒதுக்கப்படாத டி செல்கள் அங்கே காத்திருக்கும். துணுக்கைக் காட்டும்போதே இரண்டு சாமான்களையும் சேர்த்துக் கொடுப்பார். ஒன்று, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம். மற்றது ரெட்டினாயிக் அமிலம். இந்த அமிலம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? வைட்டமின் ஏ-யிலிருந்து! கண்ணுக்கு நல்லது என்று பள்ளியில் படித்ததோடு நாம் மறந்துபோன அதே வைட்டமின். அதை அமிலமாக மாற்றும் நொதி குடலின் இந்தச் செல்களிடம் கைவசம் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து கிடைத்த டி செல் சண்டைக்குக் கிளம்பாது. ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’லாக மாறிவிடும். குடலுக்குத் திரும்பிப் போவதற்கான முகவரியையும் அதே ரெட்டினாயிக் அமிலம்தான் எழுதிக் கொடுக்கிறது. குடும்பத்தில் இவர் மூத்த அத்தை. கடலையைப் பார்த்து எவனாவது கம்பைத் தூக்கினால், “விடுடா, நம்ம ஆளுதான்” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும், கம்பு இறங்கிவிடும். 1911-லேயே வெல்ஸ், ஆஸ்போர்ன் என்ற இருவர் இதன் வாலைப் பிடித்திருந்தார்கள். மக்காச்சோளம் தின்று வளர்ந்த கினிப்பன்றிகளுக்கு அந்தச் சோளப் புரதத்தை ஊசியில் ஏற்றியும் ஒவ்வாமை அதிர்ச்சி வரவில்லை. அத்தையின் பெயர்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இனி கொல்லைப்புறம். அதுதான் தோல். ஃபிலாக்ரின் என்ற புரதம் மேல்தோலைச் செங்கல்லும் காரையுமாக இறுக்கி வைக்கிறது. ஐரோப்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தப் புரதத்தின் மரபணுவில் பழுது உண்டு. கரப்பான் வந்து சொறிந்த கன்னத்தில் சுவர் இடிந்தே கிடக்கும். இடிபாட்டில் மாட்டிய தோல் செல்கள் சும்மா இருப்பதில்லை. டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்று அபாயச் சமிக்ஞைகளை எழுப்பிக் கூச்சல் போடும். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு கடலைத் துகள் வந்து விழட்டும். அதைப் பிடித்துப் போகிறவர் முகத்தில் இப்போது சிரிப்பு இருக்காது. அவரைப் பார்க்கும் டி செல் வேறு வகைக்குத் திரும்பிவிடும். பி செல்களை ஏவி, கடலைக்கென்றே ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கச் சொல்லும். இந்த ஐஜிஈ மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். திருடன் படத்தைத் தெருவெங்கும் ஒட்டியாயிற்று. இனி அதே ஆள் பட்டு வேட்டி கட்டி, சீர்வரிசைத் தட்டோடு வாசலில் வந்து நின்றாலும் அடிதான் விழும். அந்த அடியின் பெயர் ஹிஸ்டமின். உதடு வீங்கும், தோல் தடிக்கும், சிலருக்கு மூச்சே அடைக்கும். உவமை இதற்கு மேல் தாங்காது.

இப்போது 2000-ஐ ஒட்டிய ஒரு பிரிட்டிஷ் வீட்டுக்குள் போவோம். அம்மா காலையில் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறாள். விரலைத் துணியில் துடைத்துவிட்டு, குழந்தையின் வெடித்த கன்னத்தில் களிம்பு பூசுகிறாள். கடலை சாப்பிடும் வீடுகளின் சோபாவிலும் மெத்தையிலும் தூசியிலும் கடலைப் புரதம் இருப்பதைப் பின்னாளில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் கடலை அலர்ஜி அதிகம் என்று லாக் குழுவினர் 2003-லேயே எழுதினார்கள். குழந்தை மட்டும் கடலை தின்னக் கூடாது என்ற அறிவுரை, வாசலைப் பூட்டிவிட்டு இடிந்த கொல்லைச் சுவரை அப்படியே விட்டுவைத்தது.

இதைச் சோதிக்க வந்ததுதான் 2015-ல் வெளியான ‘லீப்’ ஆய்வு. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் ஆறு கிராம் கடலைப் புரதம், மூன்று வேளைக்குக் குறையாமல். மறுபாதிக்குக் கடலையே கிடையாது. ஐந்து வயதில் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, தின்றவர்களில் 3.2 சதவீதம். அந்தக் குழந்தைகளைப் பதின்ம வயதில் மறுபடி சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான விடை அபூர்வம்.

அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவற்றை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 2016-ல் வந்த ‘ஈட்’ ஆய்வில், அலர்ஜி வாய்ப்பு அதிகமென்று தேர்ந்தெடுக்கப்படாத 1,303 சாதாரணக் குழந்தைகள். பாதிப் பேருக்கு மூன்றாம் மாதத்திலிருந்தே கடலை, முட்டை, பால், எள், மீன், கோதுமை என்று ஆறும் கொடுக்கச் சொன்னார்கள். மொத்தக் கணக்கில் 7.1 சதவீதத்துக்கு எதிராக 5.6, புள்ளியியலில் இது தேறாது. சொன்னபடி செய்தவர்களை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு அழகாகிறது. ஆனால் சொன்னபடி செய்ய முடிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மூன்று மாதக் குழந்தை வாயில் ஆறு பண்டத்தைத் திணித்துப் பாருங்கள், ஏனென்று புரியும். இதற்குள் அமெரிக்கச் சந்தையில் பத்துப் பன்னிரண்டு அலர்ஜிப் பொருட்களைக் கலந்த பொடிப் பாக்கெட்டுகள் வந்துவிட்டன. ஒரு கரண்டிக் கடலை விழுது செய்கிற வேலைக்கு மாதச் சந்தா!

சரி, நாலு மாதமா, ஆறு மாதமா? இரண்டு எண்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆறு மாதம் என்பதற்குப் பின்னால் இருப்பது தண்ணீர், கிண்ணம், வயிற்றுப்போக்கு. பெலாரஸில் 17,000-க்கும் மேற்பட்ட தாய்மாரும் குழந்தைகளும் பங்கேற்ற பெரிய ஆய்வில், மூன்று மாதத்தில் நிறுத்தாமல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களுக்கு வயிற்றுத் தொற்று குறைவாக இருந்தது. அலர்ஜியில் வித்தியாசம் இல்லை. நாலு மாதம் என்பது கடும் கரப்பான் உள்ள, கடலை அலர்ஜி மலிந்த நாட்டுக் குழந்தைக்கான விடை. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சீக்கிரம் கொடுப்பது கூடுதல் நல்லது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனாலும் ‘லீப்’ ஆய்வில் சேர்ந்த குழந்தைகளின் சராசரி வயது ஏழரை மாதத்துக்கும் மேல். அதாவது ஆறு மாதம் முடிந்து ஆரம்பித்தவர்களே அதில் ஏராளம்.

கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வீட்டில் கடலையை ஆரம்பிக்கக் கூடாது. மற்றக் குழந்தைகளுக்கு வறுத்து நைசாக அரைத்த விழுதைக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். முழுக் கடலை கூடவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கன்னத்தில் தடவிப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள், மேலே கொல்லைப்புறப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும். வெடித்த தோலில் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதும் எனக்கு உவப்பில்லை. அதையும் கடலையைப் போல யாரும் ஆராய்ந்ததாகச் சொல்ல மாட்டேன், தர்க்கம் ஒன்றுதான்.

நம் நாட்டுக்கு இதில் எவ்வளவு பங்கு? கர்நாடகப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் உணவு அலர்ஜி ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர் அளவில்தான் இருந்தது. நம் கவலை வேறு. நிறைமாதக் குழந்தை வயிற்றிலிருந்து கொண்டுவரும் இரும்புச்சத்துச் சேமிப்பு சுமார் ஆறு மாதத்தில் தீர்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் 45.9 சதவீதம் பேருக்கே தாய்ப்பாலோடு திட உணவும் கிடைக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பல் முளைக்கட்டும், நல்ல நாள் வரட்டும், குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்து பார்க்கலாம் என்று எட்டு, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடுகிறோம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவு இலவசம். வாங்கி வந்த பாக்கெட்டை அலமாரியில் வைக்காமல், ஆறு மாதம் முடிந்த வாரமே கரைத்துக் கொடுக்க ஆரம்பியுங்கள்.