உஷார்! பாட்டுப் பெட்டியில் வீட்டுப் பத்திரமும் இருக்கிறது

வீட்டில் நாஸ் பெட்டி வைத்து அதில் பாட்டு சர்வர் ஓட்டுகிறவர்கள் கையோடு ரவுட்டர் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் 9000, 4533, 8096, 32400 என்று ஏதாவது ஒரு எண் தெரிகிறதா? 9000 என்றால் லிரியான், அதாவது பழைய லாஜிடெக் மீடியா சர்வர். 4533 நேவிட்ரோம், 8096 ஜெல்லிஃபின், 32400 பிளெக்ஸ். எண் இருந்தால், உங்கள் சர்வர் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸில் போகும்போதும் வீட்டுப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து நீங்களே திறந்து வைத்ததுதான்.

"பாட்டுதானே, கேட்டுட்டுப் போகட்டும்" என்பவர்கள் நிறையப் பேர். பாட்டு மட்டும் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். அதே பெட்டியில்தானே கல்யாண ஆல்பமும் ஆதார் நகலும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனும் கிடக்கின்றன? சர்வர் எந்த உரிமையோடு ஓடுகிறதோ, அந்த உரிமை எட்டும் இடமெல்லாம் அதை உடைத்து உள்ளே வருகிறவனுக்கும் எட்டும்.

லிரியானையே எடுத்துக்கொள்ளுங்கள். அருமையான மென்பொருள். இது பாட்டு அனுப்பும் ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளை லாஜிடெக் 2012-லேயே கைகழுவிவிட்டது. ஆர்வலர்கள் விடாமல் இந்த சர்வரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வீட்டுக்குள் ஓடுவதற்கென்று எழுதப்பட்டது. நிறுவியதும் பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. முகவரியைத் தட்டினால் பிளேயர் திரை, அங்கிருந்து ஒரே தட்டில் செட்டிங்ஸ். அதில் பிளகின் பக்கத்தின் அடியில், வெளி ரெப்பாசிட்டரியின் முகவரியைச் சேர்க்க ஒரு கட்டம் இருக்கும். பிளகின் என்பது பெர்ல் நிரல். இந்தப் பக்கம் வெளியாருக்கும் திறக்கிற நிலையில் யாரோ ஒருவன் தன் முகவரியை அந்தக் கட்டத்தில் ஒட்டி, 'இன்ஸ்டால்' கொடுத்தால், அவன் எழுதிய நிரல் உங்கள் பெட்டிக்குள் ஓடும். இதற்கு ஹேக்கிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டு போடும் வசதி இருக்கிறது, தேடிப்போய் போட வேண்டும். போட்டாலும் அது சாதாரண எச்டிடிபி வழியாகத்தான் போகும்.

நேவிட்ரோமில் வேறு கதை. முதல்முறை திறந்ததும் அட்மின் கணக்கை உருவாக்கச் சொல்லும். போர்ட்டை முதலில் திறந்துவிட்டு, 'கணக்கை ராத்திரி உருவாக்கிக்கலாம்' என்று எழுந்து போனால், முதலில் வருகிறவன்தான் அட்மின்.

இதெல்லாம் வெறும் பூச்சாண்டி இல்லை. 2021 ஏப்ரலில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர் தாக்கியது. பிரமாதமான வைரஸ் எதுவும் இல்லை. கோப்புகளைச் சுருக்க நாம் பயன்படுத்தும் 7-ஜிப்பையே வைத்து, 20 எம்பிக்குக் குறைந்த கோப்புகளை எல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார்கள். எம்பி3 பாட்டு, போட்டோ, பிடிஎஃப் எல்லாம் பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். பெரிய ஃப்ளாக் கோப்புகள் தப்பின, அதில் என்ன சந்தோஷம்? திறக்க 0.01 பிட்காயின் கேட்டார்கள். சந்தேகம் முதலில் விழுந்தது மீடியா ஸ்ட்ரீமிங் ஆட்-ஆன் மேல். அதில் இருந்த ஓட்டையைச் சில நாள் முன்புதான் நிறுவனம் அடைத்திருந்தது. பிறகு தெரியவந்த வழி இன்னும் கொடுமை: பேக்கப் எடுக்கும் மென்பொருளுக்குள்ளேயே நிரந்தரமாக எழுதி வைத்திருந்த ஒரு லாகின்.

அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க்கை வைத்திருந்த பலர் காலையில் எழுந்து பார்த்தால் டிஸ்க் காலி. யாரோ வெளியிலிருந்து ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கருவிக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-ல். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு ரான்சம்வேர். கியூநாப்பில் ஆரம்பித்து அடுத்த மாதமே ஆசஸ்டருக்கும் தாவியது. லாகின் பக்கம் வரவேண்டிய இடத்தில் 0.03 பிட்காயின் கேட்டு மிரட்டல் பக்கம்.

வீட்டு மீடியா சர்வரால் ஒரு கம்பெனியே மாட்டிய கதையும் உண்டு. பாஸ்வேர்டுகளைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸின் பொறியாளர் ஒருவர் வீட்டுக் கணினியில் பிளெக்ஸ் வைத்திருந்தார். அதன் ஓட்டையை 2020-லேயே அடைத்தாயிற்று, அவர் அப்டேட் செய்யவில்லை. 2022-ல் அதன் வழியாகக் கீலாகர் நுழைந்து, அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டைக் கவ்விக்கொண்டு போனது.

"நான் எந்தப் போர்ட்டையும் திறக்கலையே" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ரவுட்டரில் யுபிஎன்பி ஓடினால், நாஸ் தானே ரவுட்டரிடம் சொல்லித் தனக்கு வழி திறந்துகொள்ளும், உங்களைக் கேட்காது. டெட்போல்ட் வந்தபோது கியூநாப் அவசரமாக அணைக்கச் சொன்னவற்றில் இதுவும் ஒன்று. நம் ஊர் பிராட்பேண்டில் பல இணைப்புகளுக்குத் தனிப் பொது ஐபி கிடையாது என்பதால் தப்பித்தவர்கள் இருப்பார்கள். காசு கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி வாங்கி, அதில் போர்ட்டைத் திறந்து வைத்திருப்பவர்களை என்ன சொல்ல!

சரி, என்ன செய்வது? பாட்டு சர்வருக்கான போர்ட் ஃபார்வர்டிங்கை அழியுங்கள், யுபிஎன்பியை அணையுங்கள். வெளியிலிருந்து பாட்டு வேண்டுமா, வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போடுங்கள். உங்கள் போனுக்கு மட்டும் வழி திறக்கும், மற்றவர்களுக்கு அங்கே ஒரு சர்வர் இருப்பதே தெரியாது. சர்வரை டாக்கரில் ஓட்டுகிறீர்கள் என்றால் பாட்டு ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். ஃபோல்டரைக் கொடுக்கும் வரியின் கடைசியில் ':ஆர்ஓ' குறியை ஆங்கில எழுத்தில் சேர்த்தால் படிக்க மட்டும்தான் முடியும், அழிக்கவோ பூட்டவோ முடியாது. ஒழுங்காகச் செய்தோமா என்று பார்க்க, போனில் வைஃபையையும் விபிஎன்னையும் அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் வீட்டின் பொது ஐபியையும் போர்ட் எண்ணையும் அடித்துப் பாருங்கள். எதுவும் திறக்கக் கூடாது.

இரண்டு டிஸ்க்கில் ரெய்டு போட்டிருப்பதைப் பேக்கப் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்கு: ஒன்றில் பூட்டினால் இன்னொன்றிலும் அதே நொடியில் பூட்டு விழும். தனியாக ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, நகல் எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பவரை உடனே அணைத்துவிடாதீர்கள். கியூலாக்கர் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்த சிலர், ஓடிக்கொண்டிருந்த 7-ஜிப் கட்டளையிலிருந்தே பாஸ்வேர்டைப் பிடித்தார்கள். மிரட்டல் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். டெட்போல்ட் சமயத்தில் புது அப்டேட் போட்டதும் கியூநாப்பின் மால்வேர் ரிமூவர் அந்தப் பக்கத்தை அப்புறப்படுத்திவிட்டது; பிட்காயின் முகவரியும் அதோடு போய்விட்டது. அதனால்தான் அப்டேட்டுக்கு முன்பு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்லி கியூநாப்பே அறிவித்தது.