பண்ணைக் கணக்குக்கு எந்த மென்பொருள்?

சாகுபடிச் செலவைக் கணிப்பொறியில் எழுதிவரும் விவசாயப் பெருமக்கள், ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டில் எதை வைத்துக்கொள்வது? இரண்டும் இலவசம்; இரண்டின் மூல நிரலும் யாவருக்கும் திறந்தது. தாயும் ஒன்றே. ஓப்பன் ஆபீஸ் 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், அதன் நிரலாளர் பலர் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர்.

பழகிய பெயர் என்பதற்காக எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். விதை மூட்டையில் பரிசோதனைத் தேதியைப் பார்ப்பதுபோல, கடைசிப் பதிப்பு வந்த தேதியைப் பாருங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். ஓப்பன் ஆபீஸ் 2014-ல் 4.1 பதிப்பை எட்டியது. பிறகு வந்தவை அதன் சிறு திருத்தங்களே. லிப்ரே ஆபீஸோ ஆண்டுக்கு இருமுறை புதுப்பதிப்பு வெளியிடுகிறது.

இன்னொன்று. வங்கியில் இன்றைய எக்செல் கோப்பாகக் கணக்குக் கேட்டால், ஓப்பன் ஆபீஸ் அவ்வகைக் கோப்பைத் திறக்குமே தவிர, அவ்வகையில் சேமிக்காது. லிப்ரே ஆபீஸ் இரண்டையும் செய்யும். ஆகவே லிப்ரே ஆபீஸையே பரிந்துரைக்கிறேன்.

ஓப்பன் ஆபீஸில் எழுதிய பழைய கணக்கை அதிலேயே திறக்கலாம். முதலில் ஒரு போகத்துக் கணக்கை மட்டும் நகலெடுத்துத் திறந்து, கூலி, உரம், மொத்தக் கூட்டல் ஆகியவற்றை ஒத்துப் பாருங்கள். அதுவரை பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.