வீட்டில் மாற்றும் கார் பெல்ட்: பழுதானால் பொறுப்பு யாருடையது?

காரின் எஞ்சின் ஓடும்போது கிராங்க் தண்டின் முனையிலுள்ள புல்லியிலிருந்து சுழற்சியை எடுத்து, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப், வேறு சிலவற்றில் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் ஆகிய எல்லாவற்றுக்கும் பகிர்ந்து தருவது வரிகள் ஓடும் ஒரே ஒரு நீண்ட ரப்பர் பட்டையாகும். சர்ப்பென்டைன் பெல்ட் எனப்படும் இதனைப் பட்டறைகளில் இன்றும் ஃபேன் பெல்ட் என்றே சொல்கின்றனர், பெரும்பாலான கார்களில் விசிறி மின்மோட்டாருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் கூட. இதையும் இது சுற்றிவரும் புல்லிகளையும் வாகன உரிமையாளர் தம் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்வதற்கு இந்தியாவில் சட்டத் தடை ஏதும் இல்லை. அதே அளவும் தரமும் உள்ள பாகத்தைப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்தும் வாகன மாற்றியமைப்பு ஆகாது. எனினும், மாற்றிக்கொள்ளும் உரிமை வேறு, மாற்றியபின் பாகம் பழுதானால் இழப்பீடு கேட்கும் உரிமை வேறு. முன்னது கேளாமலே கையில் இருக்க, பின்னதையோ ஸ்பேனரைத் தொடும் முன்பே சான்றுகளாகச் சேர்த்து வைத்தால்தான் பின்னர் நிலைநாட்ட முடியும்.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும்படி ஓடும் இந்தப் பெல்ட்டும், மூடிக்குள் இருந்து கேம் தண்டையும் கிராங்க் தண்டையும் இணைத்து வால்வுகள் திறக்கும் நேரத்தைக் காக்கும் டைமிங் பெல்ட்டும் வெவ்வேறானவை. டைமிங் பெல்ட் தவறிப் பொருந்தினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும் என்பதால் அதனை வீட்டு வேலையாகக் கருதுவது தகாது. வெளிப்பெல்ட்டை மாற்றும் வேலை அந்த அளவுக்கு அபாயமானதன்று. ஆனால் அதுவும் அலட்சியத்தைப் பொறுப்பதில்லை. கிழிந்த வெளிப்பெல்ட்டின் இழைகள் கிராங்க் புல்லியின் பின்புறமாக நுழைந்து டைமிங் பெல்ட்டில் சிக்கி, எஞ்சினையே பாழாக்கும் நேர்வுகள் உண்டு.

பெல்ட் தேய்ந்துவிட்டதா என்பதைப் பழைய பழக்கத்தின்படி வெடிப்பைப் பார்த்து முடிவுசெய்வது இன்று போதாது. முன்பு நியோபிரீன் ரப்பரில் செய்யப்பட்ட பெல்ட்டுகள் வயதேறும்போது குறுக்கே வெடித்துத் தம் நிலையைத் தாமே காட்டிக்கொடுத்தன. 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் வெப்பத்தை நன்கு தாங்குவதால் எளிதில் வெடிப்பதில்லை, மாறாகக் கார் டயரைப் போலச் சிறிது சிறிதாகப் பொருளை இழக்கிறது. வரிகளுக்கிடையிலான பள்ளம் அகன்று, பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் கூடுதலாக இறங்கி, பிடிப்பை இழந்து நழுவுகையில், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது புதிதுபோலவே தோன்றும். இதை அளக்கச் சிறிய பிளாஸ்டிக் அளவுகோல்கள் உள்ளன.

சத்தத்தைப் பிரித்தறிய மெக்கானிக்குகள் கையாளும் எளிய சோதனை ஒன்றும் உண்டு. ஓடும் எஞ்சினிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்கும்போது, கீச்சொலி சற்றே அடங்கிப் பின் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது என்றும், ஒலி இன்னும் உரத்தால் பெல்ட்டின் இறுக்கம் குறைந்திருக்கிறது என்றும் பொருள். முதல் நிலையில் புதுப் பெல்ட் வாங்கிப் போடுவது வீண்செலவு. குற்றம் பெரும்பாலும் பேரிங் தேய்ந்த ஐட்லர் புல்லியிலோ, ஸ்பிரிங் விசையால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரிலோ இருக்கும். ஐட்லர் புல்லி என்பது எதையும் இயக்காமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுழலும் சக்கரமாகும். பெல்ட்டைக் கழற்றியபின் ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுழற்றிப் பார்த்து, கரகரப்போ பக்கவாட்டு ஆட்டமோ இருப்பதை மட்டும் மாற்றலாம். ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் தனியே சுழலும் வகையாக இருந்தால், அந்தச் சுழற்சியைப் பழுதென்று எண்ணக்கூடாது.

காயம் நேரும் இடங்கள் சிலவே என்றாலும் அவை கடுமையானவை. எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிய பின்னரே இந்த வேலையில் இறங்கவேண்டும். ஏனெனில் ரேடியேட்டரின் மின்விசிறி சாவி அணைந்த நிலையிலும் வெப்ப உணரியின் கட்டளையால் திடீரென்று சுழலத் தொடங்குவது பல கார்களில் இயல்பானது. துப்பட்டா, சேலை முந்தானை, தளர்ந்த வேட்டி, கைச்சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டாமல் ஓடும் பெல்ட்டின் அருகே குனிவது விரலையோ உச்சந்தோலையோ பணயம் வைப்பதாகும். டென்ஷனரின் ஸ்பிரிங் கையைச் சிதைக்கும் அளவு விசையுடையது. நீண்ட கைப்பிடியுள்ள ரேட்சட்டால் அதை மெதுவாகத் தளர்த்தி, மெதுவாகவே விடவேண்டும். பெல்ட்டைக் கீழ்ப்பக்கமிருந்து அணுகும் வண்டிகளில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிராபத்தானது, தனித் தாங்கிகள் இன்றியமையாதவை. டென்ஷனரே இல்லாமல் தன் நீட்சியால் இறுகும் பெல்ட்டுகளுக்குத் தனிக் கருவி வேண்டும்; திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்ளிழை அறுந்து, சில நாட்களில் பெல்ட் பிரியும். பெல்ட் வழியாகவே எஞ்சினை இயக்கித் தொடங்கும் மைல்ட் ஹைபிரிட் கார்களிலும், ஆரஞ்சு நிற உயர்மின் கம்பிகள் உள்ள முழு ஹைபிரிட் கார்களிலும், பயிற்சி இல்லாதவர் கைவைக்காதிருப்பதே நல்லது.

பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட குறியீடு வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி. 6பிகே1885 என்றால் ஆறு வரிகள், அடுத்தடுத்த வரிகளுக்கிடையே 3.56 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பிகே வடிவம், 1885 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். கழற்றும் முன் பெல்ட் எந்தெந்தப் புல்லியின் மேலும் கீழும் செல்கிறது என்பதைப் படம் எடுத்து வைப்பது மீண்டும் சரியாக மாட்டுவதற்கு உதவுவதோடு, பின்னாளில் சான்றாகவும் நிற்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் கார் நிறுவனத்தின் பெயரில் வரும் கம்பெனிப் பொருள், அதைச் செய்துதரும் தயாரிப்பாளரே தம் சொந்தப் பெயரில் விற்கும் பொருள், லோக்கல் பொருள், போலி முத்திரையிட்ட டூப்ளிகேட் ஆகிய நான்கும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. இவற்றுள் முதல் மூன்றை விற்பது சட்டப்படியான வணிகம், நான்காவதை விற்பது குற்றம். பொய்யாக அசல் என்று சொல்லி விற்கப்படும் பண்டத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போலிப் பண்டம் என வரையறுத்து, அதனால் ஒருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது; போலி வணிகக்குறியிட்டு விற்பவருக்கு 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம் ஆகியவை இல்லாவிட்டால், எடையளவுச் சட்டத்தின் கீழ் அமைந்த 2011ஆம் ஆண்டு விதிகளையே அந்தப் பெட்டி மீறுகிறது.

‘வெளியே கைவைத்தால் வாரண்டி போய்விடும்’ என்ற எச்சரிக்கையே உரிமையாளரை மிகுதியாக அச்சுறுத்துவது. 2011இல் தொடங்கிய ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததே குற்றம் எனக் கண்டதோடு, வெளிப்பட்டறையில் வேலை செய்ததற்காகவே முழு வாரண்டியையும் நீக்கும் பொது நிபந்தனை கூடாது என்றும், வெளியே நடந்த தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே அதை மறுக்கலாம் என்றும் ஆணையம் கட்டளையிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016இல் சில நிறுவனங்களின் அபராதத்தைக் குறைத்தபோதும் குற்றம் நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. இந்தக் கட்டளை தனிப்பட்டறைகளைப் பற்றியதே அன்றி, உரிமையாளர் தாமே செய்யும் வேலையைப் பெயர்சுட்டிப் பேசவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் காரணத்துக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்ற அதன் அடிப்படை இங்கும் பொருந்தும் என வாதிட இடமுண்டு. பெல்ட்டை வீட்டில் மாற்றியதற்காக கியர்பாக்ஸ் வாரண்டியை மறுக்கும் சர்வீஸ் சென்டரிடம், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்பதே அந்த வாதத்தின் தொடக்கம். மத்திய நுகர்வோர் நலத்துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையத்தளத்தையும் தொடங்கியபோது, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. அந்தத் தளம் கையேடு, உதிரிபாகம், வாரண்டி விவரங்களைத் தேட உதவுமே தவிர, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

புதிய ஐட்லர் புல்லியின் பேரிங் ஒரு மாதத்தில் இறுகி, பெல்ட் அறுந்து, வாட்டர் பம்ப் நின்று, எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விட்டது எனக் கொண்டால், வழக்கமான வாகனக் காப்பீடு இதற்கு உதவாது. இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அதன் விலக்குகளில் அடங்கியவை. வழி நுகர்வோர் சட்டத்தில்தான் உள்ளது. தயாரிப்புக் குறையால் பிற உடைமைக்கு ஏற்பட்ட சேதத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பாவார். தயாரிப்பாளர் யாரென்றே அறியமுடியாத பொருளுக்கு விற்றவரே அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று 86ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு எதிராக 87ஆம் பிரிவு விற்பவருக்கு ஒரு கேடயம் தருகிறது: சேதம் நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் அவர்மீது வழக்கு நிற்காது. ‘நீங்களே மாட்டினீர்கள், அதனால்தான் போயிற்று’ என்ற கடைக்காரரின் வழக்கமான பதில் இந்தக் கேடயத்தையே நாடுகிறது. அதை உடைப்பவை, கையேட்டில் சொன்ன முறுக்குவிசை (டார்க்) அளவில் போல்ட்டை இறுக்கிய குறிப்பு, வேலையின் படங்கள், பாக எண் உள்ள பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழுதான புல்லி. கண்ணால் கண்டறிய முடியாத குறையாயின், நுகர்வோர் ஆணையம் பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆத்திரத்தில் குப்பையில் எறிந்த புல்லியை எந்த ஆய்வகமும் சோதிக்க முடியாது.

பில் கேட்டும் தர மறுப்பது தனியே ஒரு முறையற்ற வணிக நடவடிக்கையாகும். பில்லில் காலவரம்பு ஏதும் குறிக்காத நிலையில் 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற ரப்பர் முத்திரை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. இணையவழி வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணிநேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்பி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

கடையில் தீராத புகாரை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யலாம். அது சமரசத்துக்கு முயலுமே அன்றி உத்தரவிடாது. உத்தரவு வேண்டுமெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடவேண்டும். பாகத்தை வாங்கிய ஊர் எதுவாயினும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே இதைத் தாக்கல் செய்யலாம் என்பதும், செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை என்பதும், வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பதும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் தந்த வசதிகள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்யவேண்டும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக டாக்சி ஓட்டுபவரும் இச்சட்டத்தின்படி நுகர்வோரே. பல கார்களை வாடகைக்கு விட்டு லாபம் ஈட்டும் நிறுவனத்துக்கோ, வணிக நோக்கில் வாங்கியது என்ற காரணத்தால், இந்த வழி பொதுவாகத் திறந்திருப்பதில்லை.